செர்மாட் முழுமையான வழிகாட்டி: மேட்டர்ஹார்ன் அடிவாரத்தில் நடை, ரயில், ஏரிகள்

சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில், சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது செர்மாட். இங்கே வருபவர்களில் நிறையப் பேர் ஒரே நாளில் வந்து, ஏதோ ஒரு ரயிலில் மேலே போய், மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இதில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டுதான், ஆனால் திட்டம் போட்ட விதத்துக்குத்தான் பெரிய பங்கு. 4,478 மீட்டர் உயர மேட்டர்ஹார்ன் பக்கத்தில் துணையில்லாமல் தனித்து நிற்கிற மலை. ஒரு பக்கம் மோதும் காற்று மறுபக்கம் சுழன்று மேலேறும்போது ஈரம் குளிர்ந்து, அங்கேயே மேகம் கட்டிவிடும். சுற்றிலும் வானம் நீலமாக இருக்க, அந்த உச்சி மட்டும் மணிக்கணக்கில் மூடிக் கிடக்கும்.

அதனால் எந்தெந்த இடம் என்ற கேள்வியை முதலில் எடுக்காதீர்கள். எத்தனை காலை நேரங்கள் கையில் இருக்கின்றன என்று பாருங்கள். மூன்று இரவு தங்கினால் நல்ல காலை ஒன்றாவது கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. நான்கு இரவு என்றால் நிம்மதி. மற்றபடி இந்த வழிகாட்டி முழுக்க ஒரே முறைதான்: காலையில் வானத்தைப் பார்த்து முடிவெடுங்கள், வண்டியில் மேலே ஏறுங்கள், நடந்து கீழே இறங்குங்கள்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

நடைக்கு ஏற்ற காலம் ஜூலை முதல் செப்டம்பர் வரை. ஜூனில் பள்ளத்தாக்கு பச்சையாக இருந்தாலும் 2,500 மீட்டருக்கு மேல் பாதைகளில் பனி மிச்சமிருக்கலாம். ஜூலையும் ஆகஸ்ட்டும் பூக்களின் மாதங்கள். கூட்டமும், பிற்பகல் இடிமழையும் அதே மாதங்களில்தான் அதிகம். ஒரே ஒரு முறைதான் வர முடியும் என்பவருக்கு நான் சொல்வது செப்டம்பர் பின்பாதி. காற்று தெளிவாக இருக்கும், பாதைகளில் நெரிசல் இருக்காது. அக்டோபரில் லார்ச் மரங்கள் பொன்மஞ்சளாகும். ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்க்கும் மரம் அது.

மே மாதமும் நவம்பரும் வேண்டாம். கேபிள் கார்கள் பல பராமரிப்புக்காக நிற்கும், ஓட்டல்கள் பலவும் பூட்டியிருக்கும். குளிர்காலம் பனிச்சறுக்குக்காரர்களின் காலம். எல்லைக்கு அப்பால் உள்ள இத்தாலியின் செர்வினியாவையும் சேர்த்தால் சறுக்குப் பாதைகள் சுமார் 360 கிலோமீட்டர். சறுக்கத் தெரியாதவர்களுக்கும் குளிர்கால நடைபாதைகள் தனியாக உண்டு. கோர்னர்கிராட் மலை ரயில் தடத்தில் உள்ள ரோட்டன்போடன் நிலையத்திலிருந்து ரிஃபெல்பெர்க் நிலையம் வரை மரச்சறுக்குவண்டியில் இறங்கும் பாதையும் உண்டு.

2. ஊருக்கு வந்து சேருங்கள்

பெட்ரோல், டீசல் கார்களுக்கு ஊருக்குள் அனுமதி இல்லை. காரில் வருபவர்கள் 5 கிலோமீட்டர் முன்னால் டேஷ் என்ற கிராமத்தில் வண்டியை விட்டுவிட்டு, அங்கிருந்து 12 நிமிட ரயிலில் வர வேண்டும். ஆனால் காரே தேவையில்லை என்பதுதான் உண்மை. சூரிச், ஜெனீவா விமான நிலையங்கள் இரண்டிலிருந்தும் ஃபிஸ்ப் வரை விரைவு ரயில், அங்கே மாறினால் மேட்டர்ஹார்ன் கோட்ஹார்ட் ரயில். சூரிச்சிலிருந்து மொத்தம் மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிஸ்ப்பிலிருந்து மேலே ஏறும் ஒரு மணி நேரத்தில் தூங்காதீர்கள். ராண்டா அருகே ஆற்றுக்கு அக்கரையில் பிரமாண்டமான கற்சரிவு ஒன்று தெரியும். 1991-இல் மலையின் ஒரு பக்கமே இடிந்து விழுந்த இடம் அது. சுமார் 3 கோடி கன மீட்டர் பாறை சரிந்து ரயில் பாதையையும் சாலையையும் மூடியது. இந்தப் பள்ளத்தாக்கில் மலைகள் அசையாமல் நிற்பவை அல்ல என்பதை ஊருக்குள் நுழையும் முன்பே இந்தச் சரிவு காட்டிவிடுகிறது.

ஊருக்குள் சிறிய மின்சார டாக்சிகள் ஓடுகின்றன. சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்கும், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

3. முதல் அரை நாள்: ஊரிலேயே இருங்கள்

வந்த அன்றே உச்சிக்குக் கிளம்ப வேண்டாம். உடம்பு 1,600 மீட்டருக்கு ஓர் இரவு பழகட்டும்.

அதற்காக அன்றைய நாள் வீண் என்று நினைக்க வேண்டாம். கடைவீதியிலிருந்து இரண்டு நிமிடம் விலகினால் ஹிண்டர்டோர்ஃப் என்ற பழைய பகுதி. வெயிலில் கறுத்துப்போன லார்ச் மர வீடுகளும் தானியக் களஞ்சியங்களும் குறுகிய சந்துகளில் நெருக்கமாக நிற்கின்றன. களஞ்சியத்தின் கால்களுக்கு மேல் வட்டமான கற்பலகைகள் செருகியிருப்பதைக் கவனியுங்கள். எலி காலைப் பிடித்து ஏறினாலும் அந்தத் தட்டையான கல்லைத் தாண்ட முடியாது. பனிச்சறுக்கும் ஓட்டலும் வருவதற்கு முன்னால் இங்கே வாழ்ந்தவர்கள் ஒவ்வொரு பிடி தானியத்தையும் எப்படிக் காத்தார்கள் என்பது அந்தக் கல்லில் தெரிகிறது.

தேவாலயத்தின் அருகே, தரைக்கடியில் மேட்டர்ஹார்ன் அருங்காட்சியகம். 1865 ஜூலை 14 அன்று ஆங்கிலேய மலையேறி எட்வர்ட் விம்பரின் குழுவினர் ஏழு பேர் முதன்முதலாக மேட்டர்ஹார்ன் உச்சியைத் தொட்டார்கள். இறங்கும்போது ஒருவர் வழுக்க, கயிறு அறுந்து நான்கு பேர் விழுந்து இறந்தார்கள். உயிரோடு திரும்பியவர்கள் விம்பரும், பீட்டர் டவுக்வால்டர் என்ற ஒரே பெயர் கொண்ட தந்தையும் மகனும்தான். அந்த அறுந்த கயிறு இங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. விரல் தடிமன்கூட இல்லாத கயிறு. வெளியே வந்ததும் தேவாலயத்தை ஒட்டிய மலையேறிகளின் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். இறந்தவர்களின் வயதைப் படித்துக்கொண்டே நடந்தால், நாளைக்கு எந்தப் பாதையிலும் அலட்சியம் வராது.

கோடையில் வந்திருந்தால் இன்னொன்று. ஜூலை, ஆகஸ்ட்டில் சில வாரங்கள் ஊர்ச் சிறுவர்கள் கறுப்புக் கழுத்து ஆட்டு மந்தையை முதன்மைத் தெரு வழியாகக் காலையில் மேய்ச்சலுக்கு ஓட்டிப்போய், மாலையில் திரும்ப ஓட்டி வருவார்கள். உடலின் முன்பாதி கறுப்பு, பின்பாதி தூய வெள்ளை. இந்த ஆட்டினத்தின் தாயகம் வாலே.

4. ஒவ்வொரு காலையும்: டிக்கெட்டுக்கு முன் கேமரா

எல்லா உச்சி நிலையங்களிலும் நேரலை கேமராக்கள் இருக்கின்றன. ஓட்டல்களின் திரையிலும், செல்பேசியிலும் பார்க்கலாம். சுவிட்சர்லாந்து வானிலைத் துறையின் மெத்தியோஸ்விஸ் செயலியில் மணிவாரியாக மழை, காற்று விவரம் கிடைக்கும். இரண்டையும் பார்த்த பிறகே டிக்கெட் வாங்குங்கள். முன்பதிவு செய்தால்தான் இடம் கிடைக்கும் என்று பயப்படத் தேவையில்லை. மலை ரயிலும் கேபிள் காரும் நாள் முழுக்க அடிக்கடி போகின்றன.

வெளிச்சக் கணக்கும் முக்கியம். ஊர் இருப்பது மேட்டர்ஹார்னுக்கு வடகிழக்கே. காலை வெயில் நேராக நம் பக்கத்து முகத்தில் விழும். மதியத்துக்கு மேல் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், முகம் நிழலாகிவிடும். மேகமும் பெரும்பாலும் அப்போதுதான் கட்டும். ஆகவே காலையை மலைக்குக் கொடுத்துவிட்டு, ஓய்வையும் சாப்பாட்டையும் பிற்பகலுக்குத் தள்ளுங்கள். விடிவதற்கு முன் தேவாலயத்துக்குக் கீழே உள்ள ஆற்றுப் பாலத்தில் நின்றால் முதல் கதிர் உச்சியில் விழுந்து சிவப்பு மெல்லக் கீழிறங்குவதைச் செலவே இல்லாமல் பார்க்கலாம்.

5. தெளிவான முதல் காலை: கோர்னர்கிராட்

ஒரே ஒரு இடத்துக்குத்தான் பணமும் நேரமும் இருக்கிறது என்றால் யோசிக்காமல் இங்கே போங்கள். பிரதான ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இதன் நிலையம். 1898-இல் ஓடத் தொடங்கிய பற்சக்கர ரயில் இது. சுவிட்சர்லாந்தில் மின்சாரத்தில் இயங்கிய முதல் பற்சக்கர ரயிலும் இதுவே. 33 நிமிடத்தில் 3,089 மீட்டருக்குக் கொண்டுபோய் விடும். மேலே போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள், மேட்டர்ஹார்ன் அந்தப் பக்கம்தான்.

உச்சி மேடையில் எல்லாரும் மேட்டர்ஹார்னைப் பார்த்து நிற்பார்கள். நீங்கள் மறுபக்கம் திரும்பி நில்லுங்கள். கீழே கோர்னர் பனியாறு வளைந்து கிடக்கும். அதற்கு மேலே மோன்ட்டே ரோஸா, அதன் டூஃபூர்ஸ்பிட்ஸ் முனை 4,634 மீட்டர், நாட்டின் மிக உயர்ந்த இடம். அதையடுத்து லிஸ்காம், காஸ்டர், போலுக்ஸ், பிரைட்ஹார்ன் என்று வெள்ளைச் சுவர் தொடரும். பனியாற்றின் இரு கரைகளிலும் வெளிறிய கல் பட்டை ஒன்று உயரத்தில் ஓடுகிறது. ஒரு காலத்தில் பனி அதுவரை நிரம்பியிருந்தது. இப்போது பனி இருக்கும் மட்டத்தையும் அந்தப் பட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் மனசு கனக்கத்தான் செய்கிறது.

இறங்குவது இப்படி:

1. ரயிலில் ஒரே ஒரு நிலையம் கீழே, ரோட்டன்போடனில் இறங்குங்கள்.
2. பாதையில் பத்து நிமிடம் கீழே நடந்தால் ரிஃபெல்ஸீ ஏரி. காற்று எழும் முன் வந்தால் மேட்டர்ஹார்ன் தலைகீழாக நீரில் நிற்கும். பத்து மணிக்கு மேல் அலை வந்துவிடும், அதனால் உச்சிக்கு முன்பே இங்கே இறங்கி, பிறகு மேலே போவதும் நல்ல யோசனை.
3. அங்கிருந்து ரிஃபெல்பெர்க் வரை ஒரு மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். எளிய இறக்கம், முன்னால் முழுக்க மேட்டர்ஹார்ன்.
4. முழங்கால் சம்மதித்தால் இன்னும் இறங்கி ரிஃபெல்ஆல்ப் காட்டுக்குள் போங்கள். இல்லையென்றால் ரிஃபெல்பெர்க்கிலேயே ரயில் பிடியுங்கள்.

வரையாடு போன்ற வளைந்த கொம்புடைய ஐபெக்ஸ் காட்டாடுகள் இந்தச் சரிவுகளில் மேயும். விசில் சத்தம் கேட்டால் அது மர்மோட், புல்வெளியில் வளை தோண்டி வாழும் கொழுத்த அணில் இனம். உணவு கொடுக்க வேண்டாம்.

6. இரண்டாம் காலை: ஐந்து ஏரிப் பாதை

செர்மாட்டில் நடக்க வேண்டிய ஒரே பாதை எது என்று கேட்டால் என் பதில் இதுதான். சுமார் 9 கிலோமீட்டர், நிற்காமல் நடந்தால் இரண்டரை மணி நேரம். நீங்கள் நிற்கத்தான் போகிறீர்கள், நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஆற்றங்கரையிலிருந்து மலைக்குள்ளேயே ஓடும் சுரங்க ரயில் சில நிமிடங்களில் சுன்னெகாவில் (2,288 மீட்டர்) விடும். அங்கிருந்து கேபிள் காரில் பிளவ்ஹெர்ட். முதல் வண்டியையே பிடியுங்கள். இருபது நிமிட நடையில் ஸ்டெல்லிஸீ, 2,537 மீட்டர். ஊரைப் பற்றிய படங்களில் நீங்கள் பார்த்திருக்கும் பிரதிபலிப்பு பெரும்பாலும் இந்த ஏரியில் எடுத்தது. கூட்டம் முன்கரையில் நிற்கும். ஏரியைச் சுற்றிக் கிழக்குக் கோடிக்குப் போனால்தான் ஏரி முன்னாலும் மலை பின்னாலும் ஒரே வரிசையில் அமையும்.

அடுத்து கிரிண்ட்ஜிஸீ. லார்ச் மரங்கள் சூழ்ந்த சின்னக் குட்டை, ஐந்திலும் எனக்குப் பிடித்தது இதுதான். காற்றை மரங்கள் தடுப்பதால் ஸ்டெல்லிஸீயில் தவறவிட்ட பிரதிபலிப்பு இங்கே கிடைத்துவிடும். மூன்றாவது குருன்ஸீ, சுற்றிலும் கல்லும் சரளையும். துணிந்தவர்கள் குளிக்கிறார்கள், தண்ணீர் உறைய வைக்கும். நான்காவது மோஸ்ஜிஸீ பால் கலந்த பச்சை நிறத்தில் இருக்கும். பனியாறு பாறையை அரைத்துக் கொண்டுவரும் மாவு போன்ற தூள் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால் அந்த நிறம். அப்புறம் லைஸீக்குப் போகக் கொஞ்சம் ஏற வேண்டும். கடைசியில் வரும் இந்த ஏற்றத்தை எதிர்பார்க்காமல் பலர் சோர்ந்துவிடுகிறார்கள், தண்ணீரும் தின்பண்டமும் மிச்சம் வையுங்கள்.

சின்னக் குழந்தைகளோடு வந்தவர்கள் முழுப் பாதையும் நடக்க வேண்டியதில்லை. சுன்னெகாவிலிருந்து நேராக லைஸீக்கு இறங்குங்கள். ஆழமில்லாத கரை, விளையாட்டுத் திடல், எதிரே மேட்டர்ஹார்ன். அரை நாள் ஓடிவிடும். தெம்பு இருப்பவர்கள் மாலையில் ரயிலைத் தவிர்த்து ஃபிண்டெல்ன் குக்கிராமம் வழியாக நடந்தே ஊருக்கு இறங்கலாம்.

7. மிக உயரம்: கிளைன் மேட்டர்ஹார்ன்

3,883 மீட்டரில் ஐரோப்பாவின் மிக உயரமான கேபிள் கார் நிலையம். ஃபூரி, ட்ரோக்கனர் ஸ்டெக் என்ற இடைநிலையங்கள் வழியாகப் போகிறது. 2018-இல் திறந்த புதிய கேபிள் கார் பனியாற்றுக்கு மேலே மிதந்து போகும். 2023 முதல் அங்கிருந்து இத்தாலிப் பக்கத்துக்கும் கேபிள் கார் உண்டு. அந்தப் பக்கம் இறங்க நினைத்தால் பாஸ்போர்ட்டைக் கையில் வையுங்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: நாம் படத்தில் பார்க்கும் அந்தக் கூரிய மேட்டர்ஹார்ன் வடிவம் இங்கிருந்து தெரியாது. பக்கவாட்டிலிருந்து பார்ப்பதால் குட்டையாக, அகலமாக இருக்கும். மேட்டர்ஹார்னுக்காக வருபவர்கள் கோர்னர்கிராட்டுக்கே போகட்டும். உயரத்தை உணரவும், மோன் பிளாங்க் வரை நீளும் சிகர வரிசையைப் பார்க்கவும், பனியாற்றுக்குள் குடைந்த பனிக்குகையில் நடக்கவும் வேண்டும் என்றால் இங்கே வாருங்கள்.

மேலே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். ஒரு மணி நேரத்துக்குள் 2,200 மீட்டருக்கு மேல் ஏறிவிடுவதால் தலைவலி, மூச்சிரைப்பு, குமட்டல் வரலாம். மெதுவாக நடங்கள், தண்ணீர் குடியுங்கள், ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுங்கள். தலைவலி கூடினால் மாத்திரை போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார வேண்டாம், இறங்குவதே மருந்து. கைக்குழந்தையை அழைத்துப் போக வேண்டாம். இதய, நுரையீரல் சிக்கல் உள்ளவர்கள் முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாதையின் ஓரத்தைக் குறிக்கும் கம்பிகளைத் தாண்டிப் பனியில் ஒரு அடிகூட வைக்காதீர்கள். வெடிப்புகளை மெல்லிய பனி மூடியிருக்கும், பார்த்தால் தெரியாது.

8. மலையின் காலடி: ஷ்வார்ஸ்ஸீ

ஃபூரியில் மாறி ஷ்வார்ஸ்ஸீ (2,583 மீட்டர்) போனால் மேட்டர்ஹார்ன் தலைக்கு நேர் மேலே நிற்கும். கறுத்த சிறு ஏரி, கரையில் ஒரு சிற்றாலயம். இங்கிருந்து இரண்டு வழிகள்.

நன்றாக நடப்பவர்களுக்கு மேலே: ஹோர்ன்லி குடில், 3,260 மீட்டர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் செங்குத்தான ஏற்றம், இடையிடையே இரும்புப் படிகளும் கயிறுகளும். மேட்டர்ஹார்ன் ஏறுபவர்கள் முதல் இரவு தங்கி, இருட்டிலேயே கிளம்பும் இடம் அதுதான். நடையாளர்களின் எல்லை அந்தக் குடிலோடு முடிகிறது. அதற்கு மேல் வழிகாட்டியும் பயிற்சியும் இல்லாதவர்களுக்கு வேலை இல்லை.

மற்றவர்களுக்குக் கீழே: ஷ்டாஃபெல் வழியாக ஸ்முட் குக்கிராமத்துக்கு இறங்கி, அங்கிருந்து ஊருக்கு. சுமார் மூன்று மணி நேரம். மேட்டர்ஹார்னின் வடக்கு முகத்தை இந்தப் பாதையில்தான் அண்ணாந்து பார்க்க முடியும். வெயில் எட்டாத, கறுத்த, பயமுறுத்தும் முகம். கூட்டமும் மிகக் குறைவு.

9. மேகம் மூடிய நாள்

அறையில் உட்கார வேண்டாம். ஊரிலிருந்து இருபது நிமிடத்தில் கோர்னர் இடுக்கு. ஆறு பாம்புக்கல் என்ற பச்சை நிறப் பாறையை அறுத்து உண்டாக்கிய பிளவுக்குள் மரப்பாதை போட்டிருக்கிறார்கள். சிறு கட்டணம் உண்டு, கோடையிலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும் மட்டும் திறந்திருக்கும். அப்படியே மேலே ஃபூரி வரை நடந்தால் தொங்குபாலமும், உருகும் பனியாறு சுழன்று குடைந்த பாறைக் குழிகளும் பார்க்கலாம்.

மழை இல்லாமல் மேகம் மட்டும் உயரத்தில் இருந்தால் ராண்டாவுக்கு ரயில் ஏறுங்கள். 2017-இல் திறந்த சார்லஸ் குவோனன் தொங்குபாலம் 494 மீட்டர் நீளம், ஆழமான இடத்தில் தரையிலிருந்து 85 மீட்டர் உயரம். அகலம் ஒருவர் நடக்கும் அளவுதான். பாலம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று நினைத்துச் செருப்போடு வருபவர்கள் உண்டு. உண்மையில் காட்டுக்குள் இரண்டு மணி நேரம் செங்குத்தாக ஏற வேண்டும், முழுச் சுற்றுக்கு நான்கைந்து மணி நேரம். இடி வருமென்றால் போகவே கூடாது.

10. பையில் என்ன, பாதையில் என்ன

1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். ஊரில் 20 டிகிரி என்றால் கிளைன் மேட்டர்ஹார்னில் ஆறு, ஏழு டிகிரிதான், காற்று அடித்தால் அதற்கும் கீழே. பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்தால் காயாது. விரைவில் காயும் உள்ளாடை, கம்பளி மேல்சட்டை, மழைச்சட்டை என்று அடுக்கடுக்காகப் போடுங்கள். கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம், பனியில் பட்டுத் திரும்பும் வெயில் முகத்தை உரித்துவிடும். தண்ணீர் பாட்டிலை ஊர்க் குழாயிலேயே நிரப்பலாம், வாங்க வேண்டாம்.

பாதைக் குறிகள் எளியவை. வெறும் மஞ்சள் பலகை என்றால் யாரும் நடக்கலாம். வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு மலைப்பாதை, பிடிப்புள்ள காலணி வேண்டும், உயரப் பயம் கூடாது. வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் கயிறும் அனுபவமும் உள்ளவர்களுக்கு. பலகையில் எழுதியிருக்கும் நேரத்தில் ஓய்வு சேராது. கடைசி கேபிள் கார் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே எழுதி வையுங்கள். அவசரம் என்றால் வாலேயில் 144. ஹெலிகாப்டர் மீட்புச் செலவு உங்கள் காப்பீட்டில் சேருமா என்று கிளம்பும் முன்பே பாருங்கள், இங்கே அது பெரிய தொகை.

பணம்: உச்ச கோடையில் கோர்னர்கிராட், கிளைன் மேட்டர்ஹார்ன் இரண்டும் முழுக் கட்டணத்தில் போய்வர ஒவ்வொன்றும் 100 பிராங்குக்கு மேல். சுற்றுலாப் பயணிகளுக்கான ஸ்விஸ் டிராவல் பாஸ் இருந்தால் செர்மாட் வரை ரயில் இலவசம், அதற்கு மேல் இந்த இரண்டிலும் பாதிக் கட்டணம். பாதிக் கட்டண அட்டையும் அதே தள்ளுபடி தரும். மூன்று நாள் தொடர்ந்து மலை ஏறப்போகிறவர்கள், செர்மாட் மலை வண்டிகளுக்கான பல நாள் சீட்டான பீக் பாஸ் கணக்கையும் போட்டுப் பாருங்கள். மதிய உணவை ரயில் நிலையம் எதிரே உள்ள கூப் கடையில் வாங்கிப் பையில் வைத்தால் மலை உணவகத்தில் கொடுக்கும் பணம் இன்னொரு கேபிள் காருக்கு ஆகும்.

திரும்பும்போது நேரம் இருந்தால் கிளேசியர் எக்ஸ்பிரஸ் உண்டு. 1930 முதல் ஓடுகிறது, செயின்ட் மோரிட்ஸ் வரை சுமார் எட்டு மணி நேரம், 291 பாலங்கள், 91 சுரங்கங்கள். மலை ரயில்களைப் போல அன்றைக்கே போய் ஏற முடியாது. பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு, கோடையில் வாரங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். அதே தடத்தில் ஓடும் சாதாரண ரயில்களில் மாறி மாறிப் போனாலும் அதே காட்சிதான், முன்பதிவும் தேவையில்லை.